தாய் மேலே, மடி கீழே

சந்தனமாரிக்கு மறதி என்பதே கிடையாது. நல்லது செய்தவர்களை மறக்க மாட்டாள். கெட்டது செய்தவர்களை அதைவிட மறக்க மாட்டாள். ஒரகடம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், பிரியாணிக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிற பிரவீன் கிராஃபிக்ஸில், கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் எல்லாம், பாவம், வாயில்லாப் பூச்சி என்பார்கள். வாயில்லாப் பூச்சியாம்! நம்பிராஜனைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அவர் சொல்லுவார்.

அவளுக்கு வேலை லோகோ வரைவது, போர்டு டிசைன் செய்வது, வெப்சைட்டுக்குப் படமும் எழுத்தும் பொருத்துவது. இந்த ரோட்டில் ஒரு கேன்டீன் காண்ட்ராக்டர் பேர் வைத்தால்கூட அது நாலு பாஷையில் இருந்தாக வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கிறவர் கொரியாவிலிருந்து வந்திருப்பார், லைனில் நிற்கிற பெண் ஒடிசாவிலிருந்து வந்திருப்பாள், அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் ஜார்க்கண்ட்காரி, கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி வாலாஜாபாத்துக்காரர். நாலு பேரும் ஒரே பேரைப் படித்தாக வேண்டும்.

இந்த வேலையில் சந்தனமாரி ஒரு தடவை நன்றாகப் பட்டிருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தபோது ஒரு சமையல் காண்ட்ராக்டருக்கு அண்டா படம் போட்டு, அண்டாவின் விளிம்பையே தமிழ் எழுத்தாக வளைத்து அழகழகாய் ஒரு லோகோ செய்தாள். எல்லோரும் ஆஹா என்றார்கள். அடுத்த வாரமே, இதை இந்தியிலும் கொரியனிலும் கொடு என்றார்கள். எழுத்து படத்தோடு பின்னிக் கிடந்தது. எழுத்தை எடுத்தால் அண்டாவுக்கு வாய் இல்லை. முழுசாக முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று. அன்றைக்கு வைத்துக்கொண்ட சட்டம்தான்: படம் தனி, எழுத்து தனி. படம் ஒரு லேயரில் அசையாமல் இருக்கும், எழுத்து இன்னொரு லேயரில் பாஷைக்குப் பாஷை மாறிக்கொள்ளும். ஒரு தாளுக்கு மேல் இன்னொரு கண்ணாடித் தாளை வைத்தது மாதிரி.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பேரை உடைத்து இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பது மனுஷனோ மெஷினோ, பாதிப் பேரைப் பார்த்தால் பாதிக்குத்தான் அர்த்தம் கண்டுபிடிக்கும். இந்த இரண்டாவது சட்டத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

பழைய சாஃப்ட்வேரில் தமிழ் அடித்தால் சில சமயம் கொம்பு தன் எழுத்தை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும். 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் 'க' அநாதையாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அப்பா ஞாபகம் வரும். அப்பா பேர் கொம்பையா. கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவளை வீட்டுக்கு வராதே என்று சொன்னவர்.

ஏன் சொன்னார்? அதற்குத்தான் நம்பிராஜனிடம் போக வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தனமாரி இங்கே வந்து இறங்கினாள். போன் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல். ஹாஸ்டல் நம்பிராஜனுடையது, கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற காண்ட்ராக்ட்டும் அவருடையதே. அறைக்குப் பத்துப் பேர். குளிக்கத் தண்ணீர் வரும், வராது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சாம்பாரில் புழு மிதந்தது. ஒரு நாள் என்றால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். தினமும் மிதந்தால்? ஒரு நாள் தட்டைப் படம் பிடித்து ஹாஸ்டல் வாட்ஸாப் குரூப்பில் போட்டாள். கீழே ஒரு வரியும் எழுதினாள்: "இத நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, பாப்போம்."

மறுநாள் காலையில் அவளுடைய பெட்டி கேட்டுக்கு வெளியே கிடந்தது. பின்னாலேயே அவளையும் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதோடு விட்டிருந்தால் அவள் வேறு ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போயிருப்பாள். நம்பிராஜன் விடவில்லை. கொம்பையாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, சொல்லவே நாக்கு கூசுது. உம்ம மக எவன்கூடயோ போயிட்டா. ஓடுகாலிப் பிள்ளய நாங்க எப்படிக் காவல் காக்க?"

ஓடுகாலி! சென்னைக்காரர் யாராவது போன் செய்திருந்தால், பெண்ணைக் காணவில்லை என்று சொல்லியிருப்பார். நம்பிராஜன் நாங்குநேரிப் பக்கத்து ஆள். எந்த வார்த்தையைச் சொன்னால் எந்த வீட்டில் தீப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கென்று தேடி எடுத்துச் சொன்னார், படுபாவி.

அப்போது சந்தனமாரி எங்கே ஓடியிருந்தாள் தெரியுமா? அதே கேட்டுக்கு முன்னால், அதே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். போக இடம் தெரியாமல் அப்பாவுக்குப் போன் செய்தாள். "இந்த வீட்டுப் பக்கம் தலை காட்டாத" என்றார் அப்பா. "யப்பா, நான் கேட்டுலதாம்ப்பா இருக்கேன்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

கேட்டுக்கு எதிரில் முனியம்மாள் வீடு. ரோடும் கம்பெனியுமாக நிலமெல்லாம் போனபின் மிச்சமிருந்த துண்டில் வரிசையாக அறை கட்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மதியம் வரைக்கும் பார்த்துவிட்டு அவள்தான் வந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாம்மே, காலீலேர்ந்து பொட்டி மேல குந்திகினு கீற? எயுந்து உள்ள வா. சோறு துன்ட்டு அப்பால அயுவலாம்."

அந்த அறையில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். கம்பெனி வேலை போயிற்று. நோட்டீஸுக்குத் தமிழ் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று பிரவீன் கடையில் போர்டு தொங்கியது. போய்ச் சேர்ந்து, டைப்பிலிருந்து டிசைனுக்கு வந்தாள். நடுவில் தங்கை பாண்டிச்செல்விக்குக் கல்யாணம் நடந்தது. சந்தனமாரிக்குத் தெரிந்தது வாட்ஸாப் ஸ்டேட்டஸில்தான். ஊர்க்காரப் பெண் ஒருத்தி போட்டிருந்தாள். படத்தில் அப்பா, அம்மா, தங்கை, மாப்பிள்ளை, அத்தைமார் எல்லாரும் இருந்தார்கள். அக்கா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது.

அன்றைக்கு அவள் அழவில்லை. ஒரு முடிவுதான் எடுத்தாள். அந்த வார்த்தையை நம்பிராஜன் தன் வாயாலேயே திரும்ப எடுக்க வேண்டும். அப்பா காது கேட்க எடுக்க வேண்டும். அது நடக்காமல் ஊர் மண்ணை மிதிப்பதில்லை. அதற்கு எத்தனை நாளானாலும் சரி.

நாள் வந்தது, தானாகவே கடைக்குள் நடந்து வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் இரண்டு போன். நம்பிராஜன்!

சந்தனமாரி பார்த்த உடனே கண்டுகொண்டாள். அவருக்கோ அவளை அடையாளமே தெரியவில்லை. எப்படித் தெரியும்? எத்தனை பெண்களை வெளியே தள்ளியிருப்பார்! அன்றைக்கு ரெட்டைச் சடையோடு ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தவள், இன்றைக்குக் கழுத்தளவு முடியும் கண்ணாடியுமாக இருக்கிறாள். கடையில் எல்லோருக்கும் அவள் சந்தனா. பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அதையே மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாய்மடி மகளிர் இல்லம். இதாம்மா பேரு" என்றார். "இப்ப மூணு பிராஞ்ச். இருங்காட்டுக்கோட்டை, வல்லம், இந்தா இங்கன ஒரகடம். கொரியாக் கம்பெனி ஒண்ணு அவங்க பிள்ளையளத் தங்க வைக்க இடம் பாக்குது. வெப்சைட்டப் பாத்துட்டுத்தான் நேர்ல வருவாங்களாம். தமிழ், இங்கிலீஷ், இந்தி, ஒரியா, கொரியன். லோகோ மொதக்கொண்டு அஞ்சு பாஷையிலயும் மாறணும்."

"பேரு தாய்மடின்னே இருக்கட்டும் சார். எழுத்த மட்டும் அந்தந்த பாஷைல போட்டுடலாம்."

"சேச்சே! அந்தந்த ஊர்ப் பிள்ளைக்கு அவ பாஷையிலேயே அம்மா மடி ஞாபகம் வரணும். பாத்த ஒடனே கண்ணு கலங்கணும்."

கண் கலங்கணுமாம்! அவருடைய சாம்பாரைக் குடித்து எத்தனை கண் கலங்கியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. வேலையை ஆரம்பித்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கை வஞ்சனை பண்ணாது. சேலை மடிப்பு ஒன்று தொட்டில் போல வளைந்து நிற்க, அதற்குள் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்குகிற மாதிரி வரைந்தாள். கீழே ஒரே வரியில் தாய்மடி என்று எழுதினாள். பிரவீனே எழுந்து வந்து பார்த்துவிட்டு, "சூப்பரா கீது சந்தனா" என்றான்.

நம்பிராஜனுக்குத் திருப்தி இல்லை. "தாய் மேல பெருசா வரட்டும். நடுவுல படம். மடி கீழ வரட்டும்."

"பேர ஒடைக்காதீங்க சார். மொழிபெயர்க்கும்போது ரெண்டும் தனித்தனியாப் போயிடும், அர்த்தம் மாறிடும்."

"நீ படம் போடுத பிள்ள. அர்த்தத்த நான் பாத்துக்கிடுதேன்."

இந்தி தெரிந்தவர், ஒரியா தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்கலாம் என்றாள். அதற்கும் சிரித்தார். "நெட்ல தட்டுனா வருது. அதுக்குப் போயி ஒரு ஆளா?" பிரவீன் கண்ணைக் காட்டினான்: பார்ட்டி என்ன கேட்குதோ அதைப் போட்டுவிடு.

சரி என்று போட்டுப் பார்த்தாள். தாய்மடி என்று சேர்த்துத் தட்டினால் இந்தியில் 'மா கீ கோத்' என்று ஒழுங்காக வந்தது. அம்மாவின் மடி. பிரித்துத் தட்டினாள். 'தாய்' என்பதற்கு 'மா' வந்தது. 'மடி' தனியாகப் போனதும் மெஷின் அதை வினைச்சொல்லாக எடுத்துக்கொண்டது. மடி, அதாவது மடிந்து போ. இந்தியில் 'மர் ஜாவ்' என்று துப்பியது. திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். மேலே 'அம்மா'. நடுவில் தூங்குகிற பெண். கீழே 'செத்துப் போ'.

ஒரியாவிலும் அதே கதை. இங்கிலீஷில் மட்டும் பேர் அப்படியே இருக்கட்டும் என்று அவர் சொன்னதால் 'Thai Madi' என்று ஒலியை எழுதப் போக, அதிலிருந்து கொரியனுக்குப் போன மெஷின் Thai என்றால் தாய்லாந்து என்று புரிந்துகொண்டது.

அன்று சாயங்காலம் முனியம்மாள் வீட்டு வரிசையில் குடியிருக்கிற ஒடிசாப் பெண்களிடமும், ஜார்க்கண்ட் பெண் ஒருத்தியிடமும் சரியான பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். கொரியனை மட்டும், பேரை உடைக்காமல் சேர்த்துத் தட்டி எடுத்துக்கொண்டாள். மறுநாள் கடையில் அதைத் தனி லேயரில் ஒழுங்காக ஒரே வரியில் அமைத்து, லேயர் பக்கத்தில் இருக்கிற கண் குறியைத் தட்டி அணைத்து வைத்தாள். கண்ணை அணைத்தால் அந்த லேயர் இருக்கும், தெரியாது. நம்பிராஜன் ப்ரூஃப் பார்க்க வரும்போது இதைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று அவளுக்குப் பாதி மனசு இருந்தது. கோபம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம்.

அவர் வந்தார். பிரவீன் டீ சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தான். சந்தனமாரி வெப்சைட் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து, வழக்கமாக எல்லா பார்ட்டியிடமும் கேட்பதைக் கேட்டாள். "புகார் சொல்றதுக்கு ஒரு பக்கம் போடலாமா சார்?"

நம்பிராஜன் வாய்விட்டுச் சிரித்தார். டீ சட்டையில் சிந்தியது.

"புகாரா? நம்மகிட்ட வந்து எவ புகார் சொல்லுவா? ரொம்ப வருஷத்துக்கு முன்ன கழுகுமலைப் பக்கத்துப் பிள்ள ஒண்ணு, சோத்துல புழுன்னு போட்டோ புடிச்சுப் போட்டா. அவ அப்பனுக்கு ஒரே ஒரு போன்தான். உம்ம மக ஓடுகாலி ஆயிட்டான்னேன். அன்னையோட எல்லா பிள்ளையளும் வாய மூடிக்கிட்டாளுவ."

"நெஜமாவே ஓடிட்டாளா சார்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எங்க ஓடுனா? கேட்டு முன்னால பொட்டி மேல உக்காந்திருந்தா. நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டேதான் அவ அப்பனுக்குப் பேசுனேன்." மறுபடியும் சிரிப்பு.

பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறார்! அந்த இடத்திலேயே கீபோர்டைத் தூக்கி முகத்தில் எறிந்திருக்கலாம். எறிந்தால் என்ன, நாலு பல் போகும், பல் கட்டிக்கொள்வார். எறியவில்லை. பாதி மனசு இருந்தது என்றேனே, அது அந்த நிமிஷத்தோடு போயிற்று.

ப்ரூஃபை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்ட்டி ப்ரூஃப் தாளில் தன் கையால் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை வெளியே போகும். போட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்தத் தப்பும் பார்ட்டி தலையில்தான்.

"நல்லாப் பாத்துட்டுப் போடுங்க சார். பேரு தனித்தனியாத்தான் இருக்கு."

"அதெல்லாம் பாத்தாச்சு" என்று அஞ்சு பாஷைத் தாளிலும் 'ஓகே' எழுதிக் கிறுக்கினார் நம்பிராஜன். அதில் மூன்று பாஷை அவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

திறப்பு விழாவை இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் வைத்தார். கேட்டுக்கு மேலே பளபளவென்று அஞ்சு பாஷையிலும் புதுப் போர்டு, மேலே துணி போட்டு மூடியிருந்தது. பெரிய டிவியில் வெப்சைட். மூன்று பிராஞ்ச் பெண்களையும் வேனில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சந்தனமாரி லீவு போட்டுவிட்டு எதிரில் முனியம்மாள் வீட்டு மாடியில் நின்றாள். கீழே அவள் பெட்டியோடு உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது.

நம்பிராஜன் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது. அப்புறம் முன்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: "மா... மர் ஜாவ்!"

அவ்வளவுதான். வடக்கத்திப் பெண்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். ஒடிசாப் பெண்கள் தங்கள் பாஷையில் இருந்ததைப் படித்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அர்த்தம் காதுக்குக் காது பரவி, தமிழ்ப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பேரில் ஒரு தப்பும் தெரியவில்லை. போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், போர்டுக்குக் கீழே நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்த மாதிரி நின்று எடுத்தார்கள்.

நம்பிராஜன், பிள்ளைகளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று பூரித்துப் போய், நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

"இன்னாத்துக்குமே இப்டி சிரிக்குதுங்க?" என்று முனியம்மாள் கேட்டாள். சந்தனமாரி சொன்னாள். முனியம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சந்தனமாரி சிரிக்கவில்லை. அவர் கும்பிட்ட ஒவ்வொரு கும்பிடையும் பசித்தவள் சோற்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

பேர் பற்றிக்கொண்டது. தாய்மடி என்று யாருமே சொல்லவில்லை. 'மர்ஜா ஹாஸ்டல்' என்றார்கள். கம்பெனி வாசலில் ஷிப்ட் முடிந்ததும் வேன் டிரைவரே, "மர்ஜா ஏறு, மர்ஜா ஏறு" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரகடம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நம்பிராஜன் அதை ஏதோ வடக்கத்திச் செல்லப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கொரியாக் கம்பெனியில் இந்தி தெரிந்த ஆபீசர் ஒருவர் போன் செய்து, உங்கள் ஹாஸ்டலில் அம்மாவை ஏன் சாகச் சொல்கிறீர்கள், கொரியன் பக்கத்தில் ஏன் தாய்லாந்து என்று இருக்கிறது, நாளைக்கு எங்கள் ஆட்கள் பார்க்க வரும்போதும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார்.

பத்து நிமிஷத்தில் கடைக்குள் வந்து நின்றார் நம்பிராஜன். முகமெல்லாம் வேர்வை.

"என்னடா எழுதி வச்சிருக்கீங்க? என் பொழப்பையே நாசம் பண்ணிட்டீங்களேடா!"

பிரவீன் பதறிப்போய் ப்ரூஃப் தாளை எடுத்து வைத்தான். "சார், ஒங்க கையெய்த்து. அஞ்சுலயும் நீங்கதான் ஓகே போட்டுகிறீங்க." சொல்லிவிட்டுச் சந்தனமாரி பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. "தெரிஞ்சே வுட்டியா சந்தனா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒரு தடவ சொன்னேன். கேக்கல" என்றாள் அவள். பிறகு நாற்காலியைத் திருப்பி நம்பிராஜனைப் பார்த்தாள். அதுவரைக்கும் மூடி வைத்திருந்த ஊர்ப் பேச்சைத் திறந்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. சரியான பேரு அஞ்சு பாஷையிலயும் எங்கிட்ட ரெடியா இருக்கு. நீங்க ஓகே போடுததுக்கு முன்னயே இருக்கு. ஒரு தட்டு தட்டுனா மாறிரும்."

"பொறவு தட்டித் தொலையேன்!"

"தட்டுதேன். அதுக்கு முன்ன நீங்க ஒரு போன் போடணும். கழுகுமலைப் பக்கம் கொம்பையான்னு ஒரு ஆளு. ஒங்க புழுவ போட்டோ புடிச்ச பிள்ளைக்கு அப்பா."

நம்பிராஜன் கிட்டே வந்து குனிந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"நாந்தான். ஓடவும் இல்ல, ஒளியவும் இல்ல. ஒங்களுக்கு எதிர்த்தாப்பலதான் இருக்கேன்."

குதித்தார். போலீசுக்குப் போவேன் என்றார். போங்க, ப்ரூஃபையும் எடுத்துக்கிட்டுப் போங்க என்றாள். வேறு கடையில் செய்துகொள்வேன் என்றார். செய்துகொள்ளுங்கள், நாளைக் காலைக்குள் படம் வரைந்து ஐந்து பாஷையில் எழுதி சைட்டில் ஏற்றுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றாள். பிரவீனைப் பார்த்துக் கெஞ்சினார். பிரவீன், அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே அவர் சொன்ன கதையை அங்கேயே இருந்து கேட்டவன், "எனுக்கு இன்னா சார் தெரியும்? அந்த ஃபைலு அவுங்க கைலதான் கீது" என்று சொல்லிவிட்டு மானிட்டருக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டான்.

நம்பரை அவளே சொன்னாள். மறந்திருக்கவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

மணி அடித்தது. "யாரு?" என்றது குரல். வயசாகிவிட்ட குரல். சந்தனமாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி... நான் நம்பிராஜன் பேசுதேன். இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டல். முன்ன ஒரு நாளு உங்க மக விஷயமா... ஏதோ தப்பா தகவல் வந்து..."

சந்தனமாரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "தகவல் வரல. நீங்க சொன்னீங்க. அந்த வார்த்தையச் சொல்லி எடுங்க."

நம்பிராஜன் பிரவீனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "உங்க மக ஓடுகாலி இல்ல அண்ணாச்சி. அவ கேட்டு முன்னாலதான் இருந்தா. நான் பாத்துக்கிட்டேதான் உங்ககிட்ட பொய் சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு ஆடு கத்தியது.

"அவளும் அன்னைக்கு இதத்தான சொன்னா" என்றார் கொம்பையா. "கேட்டுல இருக்கேன்னு சொன்னாளே. நான் கேக்கலயே. எவனோ ஒருத்தன் சொன்னதக் கேட்டேன், பெத்த மக சொன்னதக் கேக்கலயே." குரல் உடைந்தது. "அவ அங்கன இருக்காளா?"

எத்தனை தடவை இதை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும் அப்பா அழுவார், இவளும் அழுவாள், அதோடு முடிந்துவிடும். இப்போது அழுகை வரவில்லை. கோபம் நம்பிராஜனிடமிருந்து கழன்று, நேராகப் போய் அப்பா மேல் உட்கார்ந்தது. அந்த வார்த்தையைச் சொன்னவன் ஒருத்தன். அதற்கு வீட்டில் இடம் கொடுத்தவர் இவர்.

"இருக்கேன்" என்றாள்.

"வந்துரு தாயி. நாளைக்கே வா. விடிகாலம் பஸ்ஸுல எறங்கி, பொறவாசல் வழியா சத்தமில்லாம..."

"பொறவாசல் வழியா வர நான் என்ன களவாணியா?" சத்தம் உயர்ந்துவிட்டது. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பகல்ல வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வரணும். என் தகரப்பெட்டிய நீங்க தலையில தூக்கணும். கடைத்தெரு வழியா, எல்லாரும் பாக்க, எனக்கு முன்னால நடக்கணும். முடியும்னா சொல்லுங்க. முடியாதுன்னா போன வச்சிருங்க, எனக்கு வேல கெடக்கு."

கொம்பையா தெருவில் தலை குனிந்து நடக்கிற ஆள் அல்ல. அது சந்தனமாரிக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"தூக்குதேன்" என்றார் அப்பா. பிறகு, "எந்த பஸ்ஸுன்னு சொல்லு" என்றார்.

சொன்னாள். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பி, தப்பான லேயரின் கண்ணை அணைத்தாள், சரியான லேயரின் கண்ணைத் திறந்தாள். சேலை மடியில் தூங்குகிற பெண் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவளுக்குக் கீழே தமிழில் தாய்மடி ஒரே வரியில் வந்தது, இந்தியில் 'மா கீ கோத்' வந்தது, ஒரியா வந்தது, மற்றவையும் வந்தன. சைட்டில் ஏற்றினாள். நம்பிராஜன் தன் போனில் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். போர்டும் காலைக்குள் மாறிவிடும் என்று பிரவீன் சொன்னான்.

வாசல் வரைக்கும் போனவர் அங்கேயே நின்றார். வெளியே ஷிப்ட் விடுகிற நேரம். வேன் ஒன்று மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நிற்க, டிரைவர் கதவைத் தட்டித் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார்: "மர்ஜா ஏறு! மர்ஜா ஏறு!"

நம்பிராஜன் திரும்பினார். "சைட்டு சரியாயிட்டு. எல்லார் வாயிலயும் இதுல்லா வருது? இத எப்படிம்மா அழிக்க?"

"வாயில ஒட்டுனதுக்கு லேயர் கெடையாது அண்ணாச்சி" என்றாள் சந்தனமாரி. "என் பேருல ஒட்டுனது போவ ஏழு வருஷம் ஆச்சு. ஒங்களுக்கும் ஆவட்டும்."

சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த அடுத்த பார்ட்டியை உள்ளே வரச் சொன்னாள்.